பெரியவர் அடிக்காத பக்கம்

அகராதி ஆசிரியர் நாற்காலியிலேயே செத்துக் கிடந்தார்.

கழுத்தில் ஒயர்... கை கீபோர்டின் மேல்!

திரையில் ஒலிக்குறிகள். ஆங்கில எழுத்துகள் சில தலைகீழாக, சில வால் முளைத்து. காதில் விழுந்த பேச்சை விழுந்தபடியே பதிய மொழி ஆய்வாளர்கள் வைத்திருக்கும் எழுத்து.

போனில் மிரட்டியவன் பேச்சைப் பதிந்துவிட்டுத்தான் ஐயா செத்திருக்கிறார் என்றார் உதவி ஆசிரியர். அந்தக் குறிகளின்படி மிரட்டியவனுக்கு நாக்கு தட்டுகிறதாம்.

அகராதி அலுவலகத்தில் நாக்கு தட்டிப் பேசுகிறவர் கார் ஓட்டுநர் ஒருவர்தான். பத்து மணிக்கே லாக்கப்!

மதியம் ஓட்டுநரின் மனைவி அலுவலகத்துக்கு ஓடி வந்தாள். செத்துப்போன பெரியவருக்குக் கம்ப்யூட்டரில் எழுத்துரு, அதாவது ஃபான்ட், பழுது பார்ப்பவள். மூன்று மணிக்குக் கணவனைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள்.

"அஞ்சு நிமிஷம் கம்ப்யூட்டரைக் குடுங்க சார்."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு நிமிஷம்."

பெரியவரின் பழைய கோப்பைத் திறந்து எழுத்துருவை மாற்றினாள். குறிகள் பொலபொலவென உதிர்ந்து வெறும் ஏ, பி, சி ஆயின.

அவர் பிடிவாதக்காரர். இருபது வருஷத்துப் பழைய எழுத்துருவை விடவே மாட்டார். அதில் ஏ-யைத் தட்டினால் உள்ளே பதிவது ஏ-தான். மேலே தெரியும் குறி வெறும் வேஷம். யூனிகோடில் அப்படியில்லை. ஒவ்வொரு குறிக்கும் சொந்தமாக ஓர் எண். எந்த எழுத்துருவுக்கு மாற்றினாலும் குறி குறியாகவே இருக்கும்.

பெரியவர் சாகும்போது திரையில் இருந்த கடைசிப் பக்கத்தையும் அதேபோல் மாற்றிப் பார்த்தாள்.

ஒன்றுகூட உதிரவில்லை...

இது பெரியவர் அடித்ததே இல்லை! அப்படியானால் யார்? யூனிகோடுக்காக அவரோடு பத்து வருஷம் மல்லுக்கு நின்று, அகராதி அட்டையில் பெயர்கூட வாங்காத ஆள் பின்னாலேயே நிற்கிறார்.

வேண்டுமென்றே உதட்டைப் பிதுக்கினாள்.

"இதுவும் அதே குப்பைதான் சார். எழுத்துருவை மாத்தினா எல்லாம் உதிர்ந்துடும்."

உதவி ஆசிரியருக்குப் பொறுக்கவில்லை.

"எது குப்பை? ஒண்ணுகூட உதிராது. ஒவ்வொரு குறிக்கும் எண் சரிபார்த்து அடிச்சிருக்கேன்."

அவர் முகம் வெளுத்தது.

அவள் திரையை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பினாள்.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"கொலையை மறைக்கத் தெரிஞ்சவருக்கு, நல்லா டைப் அடிச்சதை மறைக்க மனசு வரலையே சார்... வண்டியில ஏறுங்க."