தாண்டிவிட்ட பதிவு

ஆராயிக்கு நாடித்துடிப்பு சீராக இருப்பதாகத் திரை காட்டியது. ஆராயி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

சாருலதா மறுபடி படித்தாள். செங்கல்பட்டில் அந்தத் தனியார் மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மாமல்லபுரம் கிளையின் சர்வரில் ஏறும் ஒவ்வொரு பதிவும் இங்குள்ள சர்வரில் தானாக நகலாக வேண்டும். ஒன்று சிக்கினால் பின்னால் வருவதெல்லாம் நின்றுவிடும். இன்று சிக்கியிருந்தது இதுதான். இறந்தவரின் கோப்பில் எழுத முடியாது என்று சர்வர் மறுத்துக்கொண்டிருந்தது.

வெளியே ஐப்பசி மழை பகலை இருட்டாக்கியிருந்தது. விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில் யாரோ ஈரக்காலோடு நடப்பதுபோல் ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. பினாயில் நெடியை மீறி, கடலே இல்லாத இந்த ஊரில், உப்புக்காற்றின் வாடை மெல்ல அறைக்குள் பரவியது.

மூன்று மாதத்துக்கு முன்பும் இப்படித்தான் ஒரு பதிவு சிக்கியது. சிங்கப்பெருமாள் கோயில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், அதைப் படிக்காமலே தாண்டிவிடும்படி கட்டளை கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். ஆராயிக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று மாமல்லபுரத்து நர்ஸ் பார்வதம் எழுதிய வரி அது. இங்கே கொண்டுவரப்பட்ட ஆராயிக்கு, திரையில் எச்சரிக்கை எதுவும் இல்லாததால், டாக்டர் அந்த ஊசியையே போட்டார்; முகம் வீங்கி, மூச்சுத் திணறி ஆராயி இறந்துபோனாள். மறுநாள், விசாரணைக்கு முன்பே, சாருலதா மாமல்லபுரம் சர்வரிலிருந்தும் அந்த வரியை அழித்தாள்.

"எழுதுனேன் மேடம், என் புள்ளைங்க மேல சத்தியமா எழுதுனேன்" என்று பார்வதம் விசாரணையில் கதறியபோது சாருலதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வதத்தின் வேலை போனது.

இப்போது சாருலதா மாமல்லபுரம் கிளைக்குப் போன் போட்டாள். வாட்ச்மேன் வரதன் எடுத்தார்.

"அண்ணே, அங்க யாரு கம்ப்யூட்டர்ல என்ட்ரி போடறது?"

"யாரும்மா போடுவா? காத்தாலேர்ந்து கரண்டே இல்ல. எல்லாம் ஆஃப்ல கீது."

"சர்வருமா?"

"அதுந்தாம்மா. இன்னா, எதுனா பேஜாரா?"

திரையில் இன்னொரு பதிவு வந்து நின்றது. ஆராயி. நாடித்துடிப்பு கூடியிருந்தது. இடம்: செங்கல்பட்டு, வாசல்.

தாண்டினாள்.

அடுத்தது. துடிப்பு இன்னும் வேகம். இடம்: மாடிப்படி.

தாண்டினாள்.

இடம்: வராந்தா.

"அண்ணே..." ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பார்வதம் எழுதினாங்க. நான்தான் அழிச்சேன். எல்லார்கிட்டயும் சொல்லிடறேன், இப்பவே சொல்லிடறேன்."

மறுமுனையில் வரதன் இல்லை. யாரோ மூச்சுக்குத் திணறும் ஒலி மட்டும். மெதுவாக. இழுத்து இழுத்து.

ரிசீவர் நழுவியது. ஆராயியின் கோப்பைத் திறந்தாள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. தட்டினாள். பிழை. மறுபடி தட்டினாள். பிழை. இறந்தவரின் கோப்பில் எழுத முடியாது.

விசிறிகள் நின்றன.

கதவு திறந்தது.

அறை வாசலில் நனைந்த புடவையோடு ஒருத்தி. முகம் முழுக்க வீங்கி, கண்கள் இரண்டும் வெறும் கீற்றுகளாகிப் போயிருந்தன. உதடு பிரியவில்லை. ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டு, வெறும் கையைச் சாருலதாவை நோக்கி நீட்டியபடி, ஊசிக்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தாள்.