மூன்றாவது கட்டு

அன்று காலை கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று அவள் இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் தலையாட்டினார். டம்ளர் நிறைந்தே இருந்தது. அப்போதே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"நேர்காணல் பட்டியல் வந்துடுச்சாங்க?"

"ம்... நேத்து சாயங்காலமே ஒட்டிட்டாங்க."

"என் பேரு?"

"இல்லம்மா..."

அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள். அந்த நேரத்தில் கைக்கு அகப்பட்ட வேலை அது ஒன்றுதான்.

அவர் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். அவளும் அதே துறையில்தான் பதினோரு வருடமாகப் பாடம் நடத்துகிறாள், ஆனால் தற்காலிக விரிவுரையாளராக. நாற்றுகளை அழுகவைக்கும் பூஞ்சைகள்தான் அவளுடைய ஆராய்ச்சி. வகுப்புப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'பூஞ்சை மேடம்'. இத்தனை வருடம் கழித்து ஒரே ஒரு நிரந்தர இடத்துக்கு அறிவிப்பு வந்திருந்தது. மனைவி விண்ணப்பித்ததால் அவர் தேர்வுக் குழுவிலிருந்து விலகிக்கொண்டிருந்தார்.

"நூத்தி அறுபது விண்ணப்பம். பி.எச்டி. எங்க வாங்கினாங்கன்னு பாத்து மூணு கட்டாப் பிரிச்சிருக்காங்க. பெரிய யுனிவர்சிட்டி எல்லாம் முதல் கட்டு. உன்னோடது மூணாவதுல... அதைப் பிரிக்கவே இல்லையாம்."

ஜன்னலோர நாற்காலியிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். "அவங்களைச் சொல்லி என்ன? பெரிய யுனிவர்சிட்டிக்கு என் பையன்கூடத்தானே இவளும் எழுதிப்போட்டா. அவனுக்குக் கிடைச்சுது, இவளுக்குக் கிடைக்கல. கிடைச்சிருந்தா இன்னைக்கு இந்தப் பேச்சே இல்லையே."

பதினெட்டு வருடமாகச் சொல்லாததை இன்றைக்கு மட்டும் எதற்குச் சொல்ல வேண்டும்? அவள் வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

துறைத்தலைவியின் அறையில் அவள் உட்காரக்கூட இல்லை.

"சண்டைக்கு வரல மேடம். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். நான் எழுதினதுல ஒரு பக்கமாவது யாராச்சும் படிச்சாங்களா?"

துறைத்தலைவி கண்ணாடியைக் கழற்றினாள். "பொய் சொல்ல மாட்டேன். படிக்கல. விதி அப்படி."

"யார் போட்ட விதி மேடம்?"

அந்த அம்மாள் சற்றுத் தயங்கினாள். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்... மூணு வருஷம் முன்னாடி உங்க வீட்டுக்காரர்தான் தயார்பண்ணிக் கொடுத்தார்."

சாயங்காலம் கணவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

"அந்த விதியை எழுதினது நீங்களா?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நூறு, இருநூறுன்னு வந்து குவியுது. எல்லாத்தையும் யாரு உக்காந்து படிக்கிறது? பெரிய இடத்துல படிச்சவன் எப்படியும் தேறுவான்னு ஒரு கணக்கு... யாரையும் மனசுல வச்சு எழுதலம்மா."

"அதைத்தாங்க நானும் சொல்றேன்... யாரையும் மனசுல வைக்கல. ஒரே வீட்டுல சாப்பிட்டுத் தூங்கற என்னைக்கூட வைக்கல."

அவருக்கு எப்படி வேலை கிடைத்தது என்று அவருக்கே தெரியும். ஆய்வேட்டைக் கொடுத்து முடிப்பதற்குள் வழிகாட்டி போட்ட ஒரே ஒரு போன். அவளுக்கு அப்படிப் போன் போட ஆள் இல்லை. பேருந்துப் பணிமனைக்குப் பின்னாலிருந்த சின்னப் பல்கலைக்கழகத்தில் ஆறு பேருக்கு ஒரு நுண்ணோக்கி. தன் முறை வரும்வரை பார்த்ததையெல்லாம் கையால் வரைந்துவைத்து, ஏழு வருடத்தில் பட்டம் வாங்கினாள்.

அவள் கேட்டுவிட்டுப் போன கேள்வி துறைத்தலைவியைச் சும்மா இருக்கவிடவில்லை. மறுநாள் மூன்றாவது கட்டின் கயிற்றை அவளே அவிழ்த்தாள். பூஞ்சை மேடத்தின் உறையில், முதுகலையில் கணவன் மனைவி இருவருக்கும் பாடம் நடத்திய பழைய பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் இருந்தது. படித்துமுடித்ததும் துறைத்தலைவி அவளுடைய கணவரைக் கூப்பிட்டாள்.

"விண்ணப்பத்தை உங்ககிட்ட காட்டக்கூடாதுதான். ஆனா இந்த மூணு வரி உங்க வீட்டு விஷயம். படிங்க."

'இவர் கணவர் சேர்ந்த அதே ஆண்டு, அதே பெரிய பல்கலைக்கழகத்தில் இவருக்கும் இடம் கிடைத்தது. குடும்பச் சூழ்நிலையால் போகவில்லை. நான் அன்று பரிந்துரைத்த இருவரில் இவரே கூர்மையானவர்.'

அவர் வகுப்பை ரத்து செய்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, அவள் மாமியாரின் இடதுகையை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு இடம் கிடைக்கலைன்னு சொன்னியே..."

அவள் கை நின்றது. "சொன்னேன்."

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"அத்தைக்கு அந்த மாசம்தானே ஒரு பக்கம் வராமப் போச்சு. யாராச்சும் ஒருத்தர் இருந்தாகணும். எனக்கும் கிடைச்சிருக்குன்னு தெரிஞ்சிருந்தா நீங்க போயிருக்க மாட்டீங்க. ரெண்டு பேரும் இங்கயே உக்காந்து, உன்னாலதான் என்னாலதான்னு காலத்துக்கும் குத்திக்காட்டிட்டு இருந்திருப்போம்."

மாமியாரின் வாய் கோணி, தாடை நடுங்கியது.

"பதினெட்டு வருஷம்... கிடைக்காதவ கிடைக்காதவன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே. ஒருதரம் வாயத் தொறந்து சொல்லியிருந்தா என்னடி?"

"எப்படி அத்தை சொல்றது? நீங்க அப்பத்தான் சுவரைப் பிடிச்சு ஒவ்வொரு அடியா எடுத்து வைக்க ஆரம்பிச்சீங்க. இதைக் கேட்டிருந்தா மறுபடி படுத்திருப்பீங்க."

மாமியார் நல்ல கையால் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். கிழவி அழுத அழுகை வாசல்வரை கேட்டது. அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்த விதியை இன்னைக்கே கிழிச்சுப்போடறேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எனக்காகன்னா வேண்டாங்க. அப்படிக் கூப்பிட்டா நான் வரமாட்டேன். அந்தக் கட்டுல நான் மட்டுமா இருக்கேன்? ஒவ்வொரு கவருக்குள்ளயும் இந்த மாதிரி ஒரு வீடு இருக்கும். யாரு, எதுக்காகப் பக்கத்து ஊர்லயே படிச்சாங்கன்னு நமக்கு என்ன தெரியும்?"

துறைக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, அந்த விதி தன் சோம்பேறித்தனத்தில் பிறந்தது என்றார். மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மூத்த பேராசிரியர், "அப்ப நூத்தி அறுபதையும் நீங்க படிக்கிறீங்களா?" என்று சிரித்தார். "நான் தொடக்கூடாது. நீங்க படிங்க, உங்க வகுப்பையெல்லாம் நான் எடுக்கறேன்," என்றார் இவர். சிரிப்பு நின்றது. முன்பு ஒட்டிய பட்டியலை எடுத்துவிட்டு, பல்கலைக்கழகப் பெயர்களின்மேல் காகிதம் ஒட்டி மறைத்து, மூன்று வாரம் உட்கார்ந்து படித்தார்கள். பன்னிரண்டு பேரை நேர்காணலுக்கு அழைத்தார்கள். மறைப்பைப் பிரித்தபோது அதில் ஐந்து பேர் மூன்றாவது கட்டு; அவளும் அதில் ஒருத்தி.

வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஐவரில் ஒருத்தியான, பாசி பற்றி ஆராய்ந்த ஒரு சிறுகல்லூரிப் பெண்ணுக்குக் கிடைத்தது. அன்று வீட்டுக்கு வந்து அவள் வெள்ளைக் கோட்டைத் துவைத்துக் காயப்போட்டாள். பிறகு, "எல்லார் முன்னாடியும் நல்லாப் பேசினாங்க அந்தப் பொண்ணு. எனக்கே பிடிச்சுது," என்றாள். கணவருக்குத்தான் அதைத் தாங்கமுடியவில்லை.

பத்தாம் நாள் ஒரு போன் வந்தது. நேர்காணலுக்கு வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர், நான்கு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு நாற்று ஆராய்ச்சி நிலையத்தை நடத்துகிறவர். "நீங்க கையால வரைஞ்ச படங்களை மறக்க முடியல. எங்ககிட்ட நோய்ப்பிரிவுக்குத் தலைமை இடம் காலியா இருக்கு. வந்து பாக்கறீங்களா?" என்றார்.

அவள் தயங்கியபோது மாமியார் அதட்டினாள். "போடி. வாரக்கடைசிக்கு வந்தாப் போதும். என் கையை மடக்க என் பையனுக்குத் தெரியாதா? தெரியலைன்னா கத்துக்கட்டும். அவன்தான் பெரிய யுனிவர்சிட்டியாச்சே."

கிளம்பிய காலையில் அவர் பெட்டியை ஆட்டோவில் ஏற்றினார். அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் எட்டிப்பார்த்து, "மருமகளுக்குப் பெரிய வேலையாமே... எந்த யுனிவர்சிட்டில படிச்சாங்க?" என்று கேட்டாள்.

மாமியார் கைத்தடியை ஊன்றி நிமிர்ந்து நின்றாள்.

"இங்கதான். ராத்திரி பகலா என் கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து படிச்சா."

ஆட்டோவுக்குள் அது அவள் காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்குக் கிளம்பியிருக்க மாட்டாள்.