சும்மா நின்ற தூண்

கூடத்துத் தூண் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

தொடக் கூடாது. பூர்ணிமாவே வரைந்து கட்டிய வீடு அது. பூச்சு பூசாத வெறும் கான்கிரீட். எது பாரம் தாங்குகிறதோ அது கண்ணுக்குத் தெரிய வேண்டும், மற்றதெல்லாம் பகட்டு என்று விருத்தாசலம் முழுக்கச் சொல்லித் திரிந்தவள், கடைசியில் கூடம் பார்வையாக இருக்கட்டும் என்று குறுக்கு உத்திரத்தையே எடுத்துவிட்டாள். பாரக் கணக்கு இழுத்துப் பிடித்துச் சரியாக வந்தது. உத்திரம் ஓடவேண்டிய இடத்துக்கு நேர் கீழே, சூளையில் கழித்துப் போட்ட பெரிய பீங்கான் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு தூணை நிறுத்தினாள். அழகுக்குத்தான். உள்ளே ஒன்றுமில்லை. மாடிக்குத் தளமான அந்தக் கூரைக்கும் அதற்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருந்தது.

இப்போது அந்தச் சந்தைக் காணவில்லை.

சாயங்காலமே கரண்ட் போயிருந்தது. ஈரக் களிமண் வாடையும் சூளைப் புகையும் ஜன்னல் வழியே வந்து தேங்கி நிற்க, ஜங்ஷனில் ஒரு கூட்ஸ் வண்டி வீட்டையே அதிரவைத்துக் கடந்து போனது. அதிர்வு அடங்கிய பிறகும் தூணுக்குள் மட்டும் ஏதோ, மூட்டை தூக்குகிறவன் மூச்சைப் போல, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தட்டிப் பார்த்தாள். எப்போதும் குடம்போல் ஒலிக்கும் தூண் இன்று ஒலிக்கவில்லை.

கணவன் அன்புச்செல்வன் வேலையிலிருந்து வந்துவிட்டான். செருப்பு வாசலில் கிடந்தது. மகள் வெண்பா காய்ச்சலோடு மாடியில் தூங்குகிறாள்.

“என்னங்க?”

“பூர்ணி.”

குரல் தூணுக்குள்ளிருந்து வந்தது.

மகளைத் தூக்கிவர ஓடினாள். முதல் படியில் கால் வைத்ததும் கூரை நெரிந்தது. தூண் முனகியது.

“மேல ஏறாத. உன் வெயிட்டையும் சேத்துத் தாங்க முடியாது. நான் வுட்டுட்டா பாப்பாவோட எல்லாம் உழுந்துடும்.”

“எப்பிடிங்க உள்ள போனீங்க?”

உள்ளே மூச்சு இரைத்தது.

“கை மரத்துப் போச்சு பூர்ணி. கொஞ்ச நேரம் நீ வந்து புடி.”

பீங்கான் விரிந்தது. சத்தமே இல்லாமல். மேலிருந்து கீழ்வரை. உள்ளே இருட்டு. வியர்வை நாற்றம். தலைக்கு மேல் தூக்கிய இரண்டு கைகள். தோளுக்குள் அமுங்கிய கழுத்து. பக்கத்தில், இன்னொருவர் நிற்க இடம்.

மாடியில் கட்டில் கிறீச்சிட்டது.

“அம்மா…”

வெண்பா எழுந்து நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கைகள் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கின.