முகட்டில் கலைந்த கற்கள்

“எபியா? அவன் விடிஞ்சதுமே ஏறிட்டானேம்மா! உன்கிட்டச் சொல்லலையா?”

அடிவாரத்துச் சோடாக்கடைக்காரர் கேட்டதும் நிறைமதி திகைத்து நின்றாள்.

கூர்முடி மலையின் படிக்கட்டுகளில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நெரிந்தது. நிறைமதியும் அவள் நண்பன் எபியும் போகும் வழி அதுவல்ல. ஆள் நடமாட்டமே இல்லாத கிழக்கு முகடு! அதன் உச்சிக் குகையில் செம்புப் பெட்டி இருப்பதாகக் காட்டும் வரைபடத்தை, நூலகத்துப் பழைய புத்தகத்துக்குள் கண்டெடுத்தவள் அவள். “சேர்ந்துதான் திறக்கணும்” என்று கையடித்துச் சத்தியம் செய்தவன் எபி. போன வாரம் குகைக்குச் சற்றுக் கீழே வரை போய், மழை விரட்டத் திரும்பியிருந்தார்கள். வழி தவறாமலிருக்க ஏழு இடங்களில் கல்மேல் கல் அடுக்கி வைத்தார்கள்.

விறுவிறுவென்று ஏறினாள். முதல் அடுக்கைக் காணோம்! கற்கள் சிதறிக் கிடந்தன. இரண்டாவதும் அப்படியே. காற்றுக்கு அவ்வளவு பலமில்லை. அவள் வரக் கூடாதென்று எபிதான் எத்தியிருக்கிறான்.

மேலே மூடுபனி வேறு இறங்கியது. திரும்பிவிடலாமா?

குனிந்து பார்த்தாள். மற்றக் கற்கள் வெளுத்திருக்க, புரண்ட கற்களில் மட்டும் அடிப்பக்கம் மேலே வந்து ஈரக் கறுப்பு! அவற்றைத் தேடித் தேடி ஏறினாள். ஒவ்வொரு இடத்திலும் மறுபடி அடுக்கினாள்.

ஏழாவது இடத்தைத் தாண்டியதும் ஓர் அலறல்.

“யாராவது இருக்கீங்களா?”

பள்ளத்தின் விளிம்பில் எபி முடங்கி உட்கார்ந்திருந்தான். மடியில் செம்புப் பெட்டி, திறந்தபடி. உள்ளே ஒரு பித்தளைத் தொலைநோக்கி.

“மதி! இறங்க வழி தெரியல. அடையாளம் ஒண்ணுகூட இல்ல...”

“எப்படிடா இருக்கும்?”

அவன் தலைகுனிந்தான். “முதல்ல நான் பார்த்துட்டு, அப்புறம் உன்கிட்ட...”

“எழுந்திரு. என் பின்னாலேயே வா.”

பனிக்குள் அவள் அடுக்கிய கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஓரிடத்தில் எபி ஒரு கல்லை எடுத்து அடுக்கின்மேல் வைக்கப் போனான்.

“தொடாதே!”

அடிவாரத்தில் அவன் பெட்டியை அவள் கையில் வைத்தான். அவள் வாங்கிக்கொண்டாள், அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“அடேயப்பா, முகட்டு வழியாவா! தனியாவா ஏறுனே?” என்றார் சோடாக்கடைக்காரர்.

“ஆமாண்ணே. இறங்கும்போதுதான் ஒருத்தன் கூட வந்தான்.”