முத்தாயியின் ஆடும் மங்கலாக விழுந்த படமும்

வியாழன், காலை 9.10. முத்தாயியின் ஆட்டைக் காணவில்லை.

கொட்டகை திறந்து கிடந்தது. கயிறு அறுபடவில்லை; முடிச்சைப் பதமாக அவிழ்த்திருந்தார்கள். பதினொரு வருடமாக, காலை ஆறு மணிக்குப் பலாத் தழை வெட்டி வேலிக் கம்பத்து ஆணியில் தொங்கவிட்ட பிறகுதான் முத்தாயி தன் தேநீரையே தொடுவாள். அப்பேர்ப்பட்ட செல்லம் அந்த ஆடு.

லிங்கி ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், கூலியாட்களுக்குக் கட்டிய பதினெட்டு வீட்டு லயம் அது. ஆள் இருப்பது இரண்டில்தான்: ஒன்றில் முத்தாயி, இன்னொன்றில் ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர் அமிர்தலிங்கம். மற்ற பதினாறிலும் வௌவால்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டன.

"இனி எனக்கு இங்க என்ன இருக்குண்ணே? நாளைக்கே லோபாக்குக்கு, மக வீட்டுக்குப் போயிடறேன்" என்றாள் முத்தாயி.

அமிர்தலிங்கம் கணக்குப் போட்டார். அவளும் போய்விட்டால் அவர் பேச்சைக் கேட்க வௌவால்தான் மிச்சம். ஆட்டைக் கண்டுபிடித்தால் அவளை நிறுத்திவிடலாம்.

விசாரணையில் இறங்கினார். கழுத்தில் கேமரா தொங்கியது. பத்து நாளைக்கு முன் பழையதாக வாங்கி, யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே படமெடுக்க அந்த லயத்தில் அவருக்கு வாய்த்தது ஆடு ஒன்றுதான். அண்டசராசரத்திலும் அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட ஆடு அது: நாலாயிரம் படம். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்தில் தலை இல்லை.

9.40. முதல் சந்தேகம், தோட்டத்து லோரியில் எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றும் ஷங்கர் மேல். இந்த ஆட்டைக் கறி வைத்தால் எட்டு ஊர் சாப்பிடலாம் என்று போன வாரம்தான் சொல்லியிருந்தான்.

"காலையில எங்கடா இருந்த?"

"லோரியிலதான் அங்கிள். நான் தொட்டா அது சும்மா வருமா? அது கத்துற கத்துல சிரம்பான் டவுனே முழிச்சிருக்கும் லா."

நியாயம்தான். அந்நியர் கை பட்டால் அந்த ஆடு முட்டும், ஊரைக் கூட்டும். ஏழே முக்காலிலிருந்து அமிர்தலிங்கம் தன் வாசலில் கேமராவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு சத்தமும் இல்லை.

10.30. அன்று காலை 7.35க்குப் பின்பக்கத்துக் கொட்டகைக்குப் போய் எடுத்த படத்தைத் திறந்தார். ஆடு துலங்க வேண்டும், பின்னணி மங்க வேண்டும் என்பது பாடம். அவருக்கு அது தலைகீழாக வாய்த்திருந்தது. ஆடு பஞ்சு மூட்டையாகத் தெரிந்தது. பின்னால் வேலி, கம்பம், ஆணியில் ஏறிய துருகூடத் தெளிவு. தன்னையே திட்டிக்கொண்டு அழிக்கப்போனார். விரல் நின்றது.

11.00. முத்தாயி தரையில் உட்கார்ந்து பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஷங்கர் எடுக்கல. வெளியாளு யாரும் எடுக்கல."

"பின்ன யாருண்ணே?"

"நீதான்."

படத்தை அவள் முன் நீட்டினார். "மணி ஏழு முப்பத்தஞ்சு. ஆடு நிக்குது. ஆணியில தழை இல்ல, தின்ன மிச்சக் காம்புகூட இல்ல. மழையிலயும் வெட்டினவ, முட்டி வீங்கினப்பவும் வெட்டினவ. இன்னிக்கு அது இங்க தின்னப்போறதில்லன்னு உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

முத்தாயி மறுக்கவில்லை. எட்டு மணிக்குத் தன் கூடப்பிறந்த அண்ணனின் மகன் புனிதன் பின்பாதையில் வேனோடு வந்து நின்றதையும், தானே ஆட்டை நடத்திக்கொண்டுபோய் ஏற்றியதையும், அது கோலா கிளாவாங்கில் அவன் வீட்டில் சௌக்கியமாக இருக்கப்போவதையும் சொன்னாள். இரண்டு வருடமாக மகள் கூப்பிடுகிறாள். முட்டியும் இனித் தாங்காது.

"அதுக்கு எதுக்கு இந்த நாடகம்?"

"நானா போறேன்னா உங்களத் தனியா விட்டுட்டுப் போற மாதிரி ஆயிடும். ஆடு காணாமப் போச்சுன்னா பழி அதுமேல." சேலையை நீவிக்கொண்டே இருந்தாள். "நீங்க ஒரு வார்த்தை இருன்னு சொன்னா இருந்துடுவேண்ணே. அதான் பயம்."

ஒரு ஆட்டுப் படத்துக்கு ஒன்பது நாள் விளக்கம் சொல்லக்கூடிய மனிதருக்கு அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. முத்தாயி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முட்டியைத் தாங்கி, மெல்ல எழுந்தாள். எழுந்து நிற்க அவ்வளவு நேரம் எடுத்தது.

அமிர்தலிங்கம் விசாரணையின் கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"நாளைக்கு மக காரு எத்தனை மணிக்கு வருது?"