நோன்பில்லாத விமானி

சென்னையிலிருந்து லண்டனுக்குப் பறந்துகொண்டிருந்த அந்த விமானத்தின் விமானி அறையில் தின்னக்கூடிய பொருள் என்று இருந்தவை சில பேரீச்சம்பழங்கள்தாம். அவையும் நோன்பு வைத்திருந்தவரின் சட்டைப்பையில் இருந்தன.

கேப்டன் சதக்கத்துல்லா மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஊர்கள் இருட்டத் தொடங்கியிருந்தன. மேலே மட்டும் சூரியன் போக மனமில்லாமல் நின்றது. மேற்கு நோக்கிப் பறக்கும் நோன்பாளிக்கு இந்தத் தொல்லை உண்டு. சென்னையில் வீட்டார் கஞ்சி குடித்து, தொழுது, பாத்திரமும் கழுவி வைத்திருப்பார்கள். இவருக்கோ தம் கண்ணுக்குச் சூரியன் மறைந்தால்தான் நோன்பு திறக்க முடியும். அதற்காக அவர் குறைப்பட்டுக்கொண்டதில்லை. பசியே தெரியாதபோது என்ன குறை?

பசி தெரியாமல் பார்த்துக்கொண்டது ஊட்டுமணி. அரிசி அளவே உள்ள அந்தக் கருவியை ஒவ்வொரு விமானியின் புஜத்திலும் தோலுக்கடியில் வைத்திருந்தார்கள். இரத்தத்தில் சர்க்கரை குறைகிறதா என்று அது ஓயாமல் பார்க்கும். குறைந்தால் ஒரு துளி சுரப்பு நீரை விடும். உடனே கல்லீரல், தான் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை எடுத்துக் கொடுத்துவிடும். முன்பலகையில் ஆளுக்கொரு தகுதிவிளக்கு இருந்தது. பச்சை எரிந்தால் ஓட்டலாம். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் அவர் கையிலிருக்கும் கட்டுப்பாட்டைத் தானோட்டி பிடுங்கிக்கொள்ளும்.

ஒரு காலத்தில் ரமலான் பிறந்தாலே கம்பெனிக்குத் தூக்கம் போய்விடும். நோன்பு வைத்தவர் விமானம் ஓட்டலாமா என்று தொலைக்காட்சியில் விவாதம் நடக்கும். விமானத்தைப் பற்றித் தெரியாதவர்களும் நோன்பைப் பற்றித் தெரியாதவர்களும் எதிரெதிரே உட்கார்ந்து கத்துவார்கள். கேப்டனின் பெயரைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கிற பயணிகளும் இருந்தார்கள். சதக்கத்துல்லாவுக்கு அந்தப் பயம் புரிந்தது. கண் மங்கிக் கணக்குப் பிசகினால் விழப்போவது எல்லாரும்தான். ஆனால் முடியாத நாளில் முடியவில்லை என்று சொல்லி, நோன்பை விட்டுவிட்டு, வேறொரு நாளில் ஈடுசெய்கிற புத்தி தமக்கு இருக்கிறது என்று ஒருவரும் நம்பவில்லையே, அதுதான் அவரைச் சுட்டது.

முதலில் நோன்பாளிகளுக்கென்று வந்த ஊட்டுமணி எல்லார் வாயையும் அடைத்தது. வெளியிலிருந்து உணவு எதுவும் உள்ளே போகவில்லை, உடம்பு தன் சேமிப்பைத் தானே எடுத்துக்கொள்கிறது, ஆகவே நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்களான உலமாக்கள் மாதக்கணக்கில் ஆராய்ந்து சொன்னார்கள். கம்பெனியும் நிம்மதியாக மூச்சு விட்டது.

அதோடு நின்றிருந்தால் தேவலை. நோன்பாளிகளின் விளக்கு ரமலான் முழுக்கப் பச்சையாகவே எரிந்ததைக் கம்பெனி கவனித்தது. மற்ற விமானிகள் சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்குவதையும் கவனித்தது. அடுத்த வருடமே எல்லா மதத்தாருக்கும் ஊட்டுமணி வந்தது. பிறகு விமானி அறைக்குச் சாப்பாடு வருவது நின்றது. அப்புறம் பணியில் சாப்பிடுவதே விதிமீறல் ஆகிவிட்டது. மணியும் சர்க்கரையை ஏற்றி, சோறும் ஏற்றினால் ஆள் தூங்கிவிடுவார் என்று விளக்கம் சொன்னார்கள். பணிக்கு ஆறு மணி நேரம் முன்பிருந்தே வயிறு காலியாக இருக்க வேண்டுமாம்.

நோன்பாளிகளுக்கு மட்டும் ஒரு விலக்கு கிடைத்தது. விடியுமுன் ஸஹர் சாப்பிடுவதற்கும் மாலையில் நோன்பு திறப்பதற்கும் அவர்களுடைய மணியில் ‘திறப்பு நேரம்’ குறித்து வைப்பார்கள். அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டாலும் மணி கண்டுகொள்ளாது. சதக்கத்துல்லாவின் சட்டைப்பையில் பேரீச்சம்பழம் இருந்தது இப்படித்தான்.

“சார், எனக்கு என்னமோ பண்ணுது” என்றாள் பக்கத்து இருக்கையில் இருந்த குழலி. துணை விமானி. தருமபுரிக்காரி. வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

“என்ன பண்ணுது?”

“கை நடுங்குது. எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது.”

சதக்கத்துல்லா அவளுடைய விளக்கைப் பார்த்தார். பச்சையாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மஞ்சளைத் தொடாமல் சிவப்புக்குத் தாவியது. துணை விமானி தகுதி இழந்துவிட்டதாகத் தானோட்டி அறிவித்தது.

“காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?”

“எங்க சார் சாப்பிடறது? நேத்தும் டூட்டி. வந்தவுடனே அப்படியே படுத்துட்டேன். எழுந்து பாத்தா ஆறு மணி நேரக் கெடு தாண்டிடுச்சு.”

அவருக்கு விளங்கிவிட்டது. மணி கேட்கிறது, கல்லீரலிடம் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. கடைசிவரை வாரி வாரிக் கொடுத்திருக்கிறது, அதனால் விளக்கும் கடைசிவரை பச்சையாகவே இருந்திருக்கிறது. பசி என்ற ஒன்று இருந்திருந்தால் மதியமே அவளிடம் சொல்லியிருக்கும். நோன்பு வைத்த தாம் விடியுமுன் எழுந்து வயிறாரச் சாப்பிட்டிருக்க, நோன்பே இல்லாத இந்தப் பெண் நேற்றிலிருந்து பட்டினி கிடந்திருக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

பயணிகள் பகுதியில் சாப்பாடு நிறைய இருந்தது. ஆனால் உணவோடு யார் வந்தாலும் விமானி அறைக் கதவு திறக்காது. அப்படித்தான் செய்து வைத்திருந்தார்கள். குழலியோ எழுந்து நடக்கும் நிலையில் இல்லை. சதக்கத்துல்லா பையிலிருந்த பழங்களை எடுத்து நீட்டினார்.

“இது உங்க நோன்புக்கு சார்.”

“நோன்பு திறக்கத் தண்ணி போதும்மா. வாயில போடுங்க முதல்ல.”

“விதிமீறல் ஆயிடும்.”

“ஆகட்டும். மெதுவா மென்னு தின்னுங்க.”

அவள் தின்றாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. சூரியன் ஒருவழியாக மறைந்தது. சதக்கத்துல்லா பிஸ்மி சொல்லித் தண்ணீர் குடித்தார். பிறகு ஒற்றை ஆளாக விமானத்தைப் பத்திரமாக இறக்கினார்.

சென்னையில் விசாரணை நடத்தியவர் கம்பெனியின் மருத்துவர் ரெஜினால்டு. நாகர்கோவில்காரர், நல்ல மனிதர். கருவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புவது ஒன்றுதான் அவரிடம் இருந்த குறை. சதக்கத்துல்லாவையும் குழலியையும் எதிரில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டார்.

“குழலி, அன்னைக்கு நீங்க நோன்பா?”

“இல்ல டாக்டர்.”

“அப்புறம் ஏன் சாப்பிட்டீங்க?”

குழலி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“டாக்டர், சாப்பிட்டதாலதான் அந்தப் பிள்ளை லண்டன்ல நடந்து இறங்குச்சு” என்றார் சதக்கத்துல்லா.

“எனக்குத் தெரியாதா சார்? நான் என்ன பண்ண? திறப்பு நேரம் இல்லாம சாப்பிட்டா மணி அதை விதிமீறல்னுதான் எடுத்துக்கும். திறப்பு நேரம் நோன்பு வைக்கறவங்களுக்கு மட்டும்தான். அது மத விஷயம். என்ன நோன்பு, எப்போ தொடங்கி எப்போ முடியும்னு நாங்க கேள்வியே கேக்க மாட்டோம்.”

குழலியை எச்சரித்து அனுப்பினார்கள். ஆனால் டாக்டர் கடைசியாகச் சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மறுநாளே தானும் விரதம் இருப்பதாகப் பதிந்துகொண்டாள். விமானம் ஓடுபாதையில் நகரும்போது விரதம் தொடங்கும், மேகத்தைத் தாண்டியதும் முடிந்துவிடும். என்ன விரதம் என்று டாக்டர் கேட்க வாயெடுத்து, பிறகு மூடிக்கொண்டார்.

செய்தி பரவ எத்தனை நேரம் ஆகும்? சஷ்டி, ஏகாதசி, தவக்காலம், பௌர்ணமி என்று ஆளுக்கொன்று எழுதினார்கள். கடவுளே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு கேப்டன் ‘கொள்கை விரதம்’ என்று எழுதினார். கம்பெனி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது. விமானி அறைகளில் எலுமிச்சைச் சாதமும் முட்டைத் தோசையும் மணத்தன. விளக்குகள் பச்சையாக எரிந்தன. ஒருவர் கையும் நடுங்கவில்லை. கம்பெனியில் அத்தனை விமானிகளும் நோன்பாளிகள், அத்தனை பேருக்கும் வயிறு நிறைந்திருந்தது.

சதக்கத்துல்லாவும் சேர்ந்து சிரித்தார். எல்லாரும் சாப்பிடுகிறார்களே என்று நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும், தாம் மனமறிந்து, நோன்பு நோற்கிறேன் என்று நிய்யத் வைத்துச் சொல்கிற ஒரு சொல் இப்படிச் சோற்று டோக்கனாகிப் போனதில் உள்ளே ஒரு வலி இருந்தது.

பிறை தெரிந்தது. பெருநாள் காலையில் தொழுகையை முடித்துக்கொண்டு அவர் நேரே விமான நிலையம் வந்தார். வீட்டில் மனைவி வட்டலப்பத்தை நீட்டியபோதும் அந்த ஆறு மணி நேர விதிக்காக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். மறுபடியும் லண்டன். மருத்துவ மேசையில் ரெஜினால்டு எழுந்து கைகொடுத்தார்.

“பெருநாள் வாழ்த்துகள் சார். திறப்பு நேரம் எத்தனை மணிக்குப் போடட்டும்?”

“இன்னைக்கு நோன்பு இல்ல டாக்டர்.”

“ரமலான் முடிஞ்சா என்ன? சும்மா ஒண்ணு போட்டுக்கறேன். எல்லாரும் போடறாங்க.”

“வேற நாளா இருந்தாலும் பொய் சொல்ல மாட்டேன். இன்னைக்கு நோன்பு வைக்கவே கூடாது. பெருநாள்ல நோன்பு எங்களுக்கு ஹராம்.”

டாக்டர் தலையைச் சொறிந்தார். “பயணத்துல இருக்கறவங்களுக்கு உங்க மார்க்கத்துல சலுகை உண்டும்பாங்களே?”

“அது சாப்பிடறதுக்குக் கொடுத்த சலுகை டாக்டர். பட்டினி கிடக்கறதுக்கு இல்ல.”

“அப்போ திறப்பு நேரம் இல்லாமலே போயிட்டு வாங்களேன். உங்க விளக்கு பச்சையாத்தானே இருக்கு.”

“குழலிக்கும் பச்சையாத்தான் இருந்துச்சு.” சதக்கத்துல்லா தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “ராத்திரி சாப்பிட்டது. இனிமே லண்டன் போய்ச் சேர்ற வரைக்கும் ஒண்ணும் கிடையாது. பின்னால முன்னூறு பேரை வச்சுக்கிட்டு நான் அப்படி ஓட்ட மாட்டேன். எனக்கு இன்னைக்குத் தகுதியில்லைன்னு போட்டுக்கங்க.”

“பதிவுல கறுப்புப் புள்ளி விழும் சார். வருஷக் கடைசியில உரிமம் புதுப்பிக்கும்போது அதைத் தோண்டிக் கேப்பாங்க.”

“கேக்கட்டும். விமானத்தைக் கீழ போட்டா அதைவிட நிறையக் கேப்பாங்க.”

டாக்டர் திரையைத் தொட்டார். காரணம் கேட்டது. காய்ச்சலா என்றது, இல்லை. தூக்கமின்மையா என்றது, இல்லை. மதுவா என்றபோது இருவரும் சிரித்துவிட்டார்கள். கடைசியில் வெற்றிடம் ஒன்று வந்தது. டாக்டர் யோசித்து யோசித்துத் தட்டச்சு செய்தார். முடித்துவிட்டுத் தாம் எழுதியதைத் தாமே படித்தார். முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று.

“சார், இதை நான் அனுப்பவா?”

சதக்கத்துல்லா எட்டிப் பார்த்தார். ‘நோன்பு வைக்காத காரணத்தால் விமானம் ஓட்டத் தகுதியற்றவர்’ என்றிருந்தது.

“அனுப்புங்க. உள்ளதைத்தானே எழுதியிருக்கீங்க.”

எந்த மறுப்பும் சொல்லாமல் திரை அதை ஏற்றுக்கொண்டது. சதக்கத்துல்லா வீட்டுக்குப் போன் செய்து, இலையைப் போடச் சொன்னார்.

அவர் வெளியே வரும்போது மாற்று கேப்டன் வேகமாக உள்ளே வந்துகொண்டிருந்தார். நின்று பெருநாள் வாழ்த்துச் சொல்லிக் கட்டிக்கொண்டார். அன்று அவருக்கு ஏதோ விரதமாம். கையில் பெரிய பிரியாணிப் பெட்டி இருந்தது. கம்பெனிக்குத் தெரிந்த வரையில் அவர் நோன்பாளி. ஆகவே அவரை நம்பி முன்னூறு பேர் ஏறலாம்.