பசித்த கல்

ஆகஸ்ட் மாதக் காலை; அந்த மலைநாட்டில் அது குளிர்காலம். உறைபனி இன்னும் உருகவில்லை.

கம்பளிக்காக வளர்க்கும் அல்பாகா மந்தையின் பட்டி வாசலில் இடையன் சிப்ரியானோ குப்புறக் கிடந்தான். பின்மண்டை பிளந்து... பிணமாக!

"அந்தப் படுபாவிதான் சார்!" மனைவி பௌலினா அலறினாள். "பழங்கல்லு வாங்குற புரோக்கர்! நேத்தும் வந்து நச்சரிச்சிட்டுப் போனான்!"

சார்ஜென்ட் துர்ப்போ ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். பயந்து ஓடும்போது மடக்கப்பட்ட புரோக்கர் ரெய்னால்தோ அதில் விலங்கோடு உட்கார்ந்திருந்தான்.

"சார்! நான் வரும்போதே பொணம்! கல்லு தர்றேன், வாடான்னு கூப்பிட்டதே அவன்தான்!"

"அந்தக் கல்லு எங்க மந்தையோட உயிரு!" என்றாள் பௌலினா. "அத வித்தா குட்டி தங்குமா? போன பனியில பாதி மந்தை போச்சு சார். மிச்சமும் போனா நாங்க எதத் தின்னு பொழைக்கிறது?"

துர்ப்போ சிரிக்கவில்லை. அவரும் இடையன் வீட்டுப் பிள்ளைதான். கல்லில் செதுக்கிய அல்பாகா, முப்பாட்டனுக்கும் முந்தையது. அதன் முதுகில் ஒரு குழி. பூமி பசித்து வாய் திறப்பதாக இடையர்கள் நம்பும் ஆகஸ்டில் அந்தக் குழியில் கொழுப்பும் கொக்கா இலையும் வைத்து ஊட்ட வேண்டும். தொடுகிற உரிமை இந்த வீட்டில் ஆம்பளைக்கு மட்டும். பெண்டாட்டி தள்ளி நின்று கும்பிடலாம், அவ்வளவே.

"கல்லு இப்ப எங்கம்மா?"

அவள் முதுகு மூட்டையை இறுக்கினாள்.

"பத்திரமா இருக்கு... நாந்தான் எடுத்து வச்சேன்."

"குடு."

கனத்த கல். கன்னங்கரேலென்று இருந்தது. குழி நிறையப் புதுக் கொழுப்பு. துர்ப்போ விரலால் அதை வழித்தார்.

அடியில்... ரத்தம்!

"அக்கா..." அவர் குரல் இறங்கியது. "மண்டையில அடி விழுந்ததுக்கு அப்புறம் யாரோ இதுக்கு ஊட்டியிருக்காங்க. புரோக்கருக்கு இதோட பசி தெரியுமா?"

பௌலினா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"விக்க எடுத்துட்டுக் கிளம்பினாரு சார்... புடுங்கினேன். விடல. ஒரே அடி! கல்லுக் குழியில ரத்தம். சாமிக் குத்தமாயிடுமேன்னு பதறிப்போய் ஊட்டினேன். அப்புறந்தான் அவரத் திரும்பிப் பார்த்தேன்... மூச்சு இல்ல!"

துர்ப்போ தலை குனிந்துகொண்டார். அப்போதுதான் தன் விரலைக் கவனித்தார்.

கரி!

கல்லை அழுத்தித் தேய்த்தார். கறுப்பு உரிந்து வெள்ளை பல்லிளித்தது. சந்தையில் டூரிஸ்ட்டுகளுக்கு விற்கிற புதுக் கல்... அடுப்புக்கரி பூசிய போலி!

பட்டியின் நடுவே ஓடினார். இடையர்கள் சாமிக் கல்லைப் புதைத்து வைக்கும் குழி அங்கேதான். அதை மூடிய கல்லைப் புரட்டினார். துணிச் சுற்றுக்குள் நிஜக் கல் பத்திரமாக இருந்தது.

"அக்கா... சிப்ரியானோ மந்தையோட உயிர விக்கலக்கா. புரோக்கர் தலையில போலியக் கட்டப் பார்த்திருக்கான்!"

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக் கூடாதாய்யா... ஒரே ஒரு வார்த்தை!"

பௌலினா பிணத்தின் மேல் விழுந்து கதறினாள். கேட்கப் பொறுக்கவில்லை. புரோக்கரின் விலங்கை அவிழ்த்து அவள் கையில் மாட்டும்போது துர்ப்போவின் கண்கள் கலங்கின.

ரெய்னால்தோ மணிக்கட்டைத் தடவிக்கொண்டே போலிக் கல்லைக் குனிந்து பார்த்தான்.

"அழாதம்மா. இத்தனை வருஷம் தொழில்ல இருக்கேன், நானே ஏமாந்திருப்பேன். என்ன... எனக்குக் காசோட போயிருக்கும்!"